1994 ஹைலக்ஸ்: காலையில் எஞ்சின் நடுங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது. பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

#1 கண்டாவளை விவசாயி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் நிற்பது 1994 ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப். எல்என்106 மொடல், 3எல் என்ற பெயருடைய எஞ்சின், 2.8 லீற்றர் டீசல், ரேர்போ இல்லாதது. அப்பா 2011இல் வாங்கினார். நெல், உரம், மரக்கறி எல்லாம் இதில்தான் ஏறும். மீற்றர் கேபிள் அறுந்து பல வருடம் என்பதால் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று உண்மையாகச் சொல்ல முடியாது.

நாலு மாதமாக ஒரு பிரச்சினை. காலையில் பத்துப் பதினைந்து செக்கன் ஸ்டார்ட்டரை அடித்தால்தான் எடுக்கும். எடுத்ததும் கண்ணாடி, டாஷ்போர்ட், சீற் எல்லாம் நடுங்கும். சைலன்சரால் வெள்ளைப் புகை, பின்னால் நிற்க முடியாது, கண் எரியும். ஐந்தாறு நிமிடத்தில் புகை குறைந்துவிடும். ஆனால் ஐட்லில் நடுக்கம் முழுதாக நிற்காது. ஒரு சிலிண்டர் விட்டு விட்டு வேலை செய்வதுபோல ஒரு தாளம் கேட்கும். ஓட்டம் எடுத்தால் தெரியாது, ஆனால் மூட்டை ஏற்றினால் முந்தைய இழுவை இல்லை.

இதுவரை டீசல் பில்டர், எயர் பில்டர், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் நாலும் புதிதாகப் போட்டாயிற்று. மாற்றம் இல்லை. கடைசியாகக் காட்டிய கராஜில், இன்ஜெக்‌ஷன் பம்ப் (எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது) முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் பம்ப் ஒன்று போடவேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் என்றார்கள். அறுவடைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்தக் காசைப் போட்டபிறகும் நடுங்கினால் என்னால் தாங்க முடியாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 மட்டு ஓட்டுநர்

வெள்ளைப் புகை என்றால் எனக்கு முதலில் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள தகடு) நினைவுதான் வரும், அது போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். என்னுடைய பழைய பிக்கப்பில் இப்படித்தான் தொடங்கியது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்துவிடாதீர்கள், காலையில் குளிரில் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

#3 மெல்பன் ஹைலக்ஸ்

நானும் இதே எல்என்106 வைத்திருக்கிறேன், இங்கே ஒஸ்ரேலியாவில் இன்னும் நிறைய ஓடுகின்றன. ரைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஒவ்வொரு 100,000 கிலோமீற்றருக்கும் மாற்றவேண்டியது. மீற்றர் வேலை செய்யாவிட்டால் கணக்கே இருக்காது. பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் ஸ்டார்ட் கஷ்டம், வெள்ளைப் புகை இரண்டும் வரும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் அடிபடும். அதைப் பார்க்காமல் வேறு எதிலும் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து.

#4 வவுனியா பாஸ்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. அந்தப் புகை எப்படி மணக்கிறது? கண் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எரியாத டீசல்தான் கண்ணை எரிக்கும், நெடியும் அடிக்கும். ரேடியேற்றர் தண்ணீர் எரிந்து வரும் புகை அப்படி எரிக்காது. கூலன்ற் ஊற்றியிருந்தால் ஒரு இனிப்பு வாடை இருக்கும், சூடானபிறகும் நிற்காது, தண்ணீரும் குறைந்துகொண்டே போகும். இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால்தான் பலர் புகையைக் கண்டவுடன் ஹெட்டைக் கழற்றுகிறார்கள். 35 வருடம் இந்த வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கழற்றியபிறகு "கேஸ்கட் நல்லாகத்தான் இருக்கிறது" என்று முழித்த வாகனங்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

பெல்ட் பற்றி மெல்பன் தம்பி சொன்னது சரி, பார்க்கவேண்டியதுதான். ஆனால் பெல்ட் பல் தாண்டினால் நாலு சிலிண்டருக்கும் ஒரே மாதிரித்தான் கெடும். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு அடிக்கும் தாளம் அதிலிருந்து வராது. கண்டாவளைத் தம்பி அந்தத் தாளத்தைக் காதால் கேட்டிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய தடயம்.

இன்னொன்று. ஹீட்டர் பிளக் நாலும் புதிது என்றீர்கள். பிளக்கின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் பழையதோடு ஒத்துப்போகிறதா? ரொயோட்டாவின் இந்த எஞ்சின்களில் 12 வோல்ட் பிளக் போட்டதும் உண்டு, அதிலும் குறைந்த வோல்ட் பிளக்கை ரிலேயால் கட்டுப்படுத்தியதும் உண்டு. மாறிப் போட்டால் ஒன்றில் சூடாகாது, அல்லது சில நாளில் எரிந்துவிடும். ஒவ்வொன்றாக வயரைக் கழற்றி ஓம் மீற்றரில் பாருங்கள். நல்ல பிளக் ஏறக்குறைய பூச்சியம் காட்டும். எரிந்தது வயரே இணைக்காததுபோலக் காட்டும்.

இதற்கெல்லாம் பதில் எழுதும்வரை பம்புக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

#5 கண்டாவளை விவசாயி

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை எல்லாம் பார்த்தேன்.

புகை தெளிவாக டீசல் வாடைதான். ரேடியேற்றரில் குமிழி இல்லை, தண்ணீர் நாலு மாதத்தில் குறையவே இல்லை. ஒயில் டிப்ஸ்ரிக்கிலும் மூடியிலும் பால் மாதிரி ஒன்றும் இல்லை. ஹீட்டர் பிளக் நாலும் பழைய இலக்கம்தான், நாலும் மீற்றரில் சரியாகக் காட்டுகின்றன. பெல்ட் கவரின் மேல் மூடியைத் திறந்து பார்த்தேன், பெல்ட்டில் வெடிப்பு இல்லை, புதிதுபோல இருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன், 2019இல் மாற்றியதாகச் சொன்னார். அடையாளக் கோடுகளை நண்பன் ஒருவன் வந்து பார்த்தான், ஒத்திருக்கின்றன.

#6 யாழ் ஓட்டம்

30 வருட எஞ்சின். நொண்டி நொண்டி ஓட்டுவதைவிட ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை இறக்கிப் போட்டுவிட்டால் நிம்மதி. என் மாமா அப்படித்தான் செய்தார்.

#7 பம்ப் ரூம் தம்பி

யாழ் அண்ணைக்கு மறுப்புச் சொல்வதற்கு மன்னியுங்கள். நான் டீசல் பம்ப் வேலைத்தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் கழற்றிக் கொண்டுவரும் பம்ப்களில் பல சோதனை பெஞ்சில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் ஆகாமல் இருக்கும். கோளாறு பம்புக்கு முன்னால் இருக்கும், அல்லது பின்னால் இருக்கும்.

இந்த 3எல் எஞ்சினில் ஒரு விஷயம் விளங்கவேண்டும். டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிட வேறு பம்ப் கிடையாது. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் இருக்கும் சிறு வேன் பம்ப்தான் டாங்கியிலிருந்து பில்டர் வழியாக உறிஞ்சி எடுக்கிறது. அதனால் டாங்கி முதல் பம்ப் வரை உள்ள குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஒரு வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பார்ப்பவர் லைன் நல்லாக இருக்கிறது என்றுதான் சொல்வார். இரவு முழுவதும் நின்றால் அந்த வெடிப்பால் காற்று புகுந்து, லைனில் இருந்த டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் பத்துப் பதினைந்து செக்கன் அடிப்பது அதனால் இருக்கலாம்.

இரண்டு சோதனை. செலவு நூறு இருநூறு ரூபாய்தான்.

ஒன்று, நாளை காலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், பில்டர் தலையில் இருக்கும் கைப் பம்பை அமத்துங்கள். முதல் இரண்டு மூன்று அமத்தலிலேயே இறுகினால் லைனில் டீசல் நிற்கிறது. பதினைந்து இருபது தரம் அமத்தியபிறகுதான் இறுகுகிறது என்றால் லைன் காலி.

இரண்டாவது, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதே அளவில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்ரிக் ரியூப் ஒன்று போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் சின்னக் குமிழி வரலாம், பிறகு தெளிவாக ஓடவேண்டும். தொடர்ந்து குமிழி வந்தால் காற்று எடுக்கிறது.

#8 கண்டாவளை விவசாயி

தம்பி சொன்னது அப்படியே நடந்தது. இன்று காலை கைப் பம்பை 22 தரம் அமத்தியபிறகுதான் இறுகியது. இறுகியதும் ஸ்டார்ட் பண்ணினேன், மூன்று செக்கனில் எடுத்தது. நாலு மாதத்தில் இப்படி எடுத்ததே இல்லை.

தெளிவான ரியூபும் போட்டேன். பத்து நிமிடம் ஓடியும் குமிழி நிற்கவில்லை, சோடா போத்தல் மாதிரி வருகிறது.

ஆனால் நடுக்கம் அப்படியே இருக்கிறது. புகை கொஞ்சம் குறைவு.

#9 மட்டு ஓட்டுநர்

அப்போ ஹெட் கேஸ்கட் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். கைப் பம்ப் சோதனை எனக்குப் புதிது, நானும் நாளைக்கு என்னுடையதில் பார்க்கப்போகிறேன்.

#10 வவுனியா பாஸ்

நல்லது தம்பி. இப்போது அவசரப்பட்டு எல்லா ஹோஸையும் மாற்றவேண்டாம். காற்றுக் கோளாறு வேறு, நடுக்கம் வேறாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

சுத்தமான ஒரு லீற்றர் போத்தல் எடுத்து, புதிதாக வடித்த டீசல் நிரப்பி, பொனற்றின் உள்ளே பம்பைவிட உயரமான இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பம்பின் வாயிலிருந்து ஒரு ரியூபை நேரே அந்தப் போத்தலின் அடிவரை விடுங்கள். பம்பிலிருந்து திரும்பி வரும் ரிற்றேர்ன் ரியூபையும் அதே போத்தலுக்குள் போடுங்கள். இப்போது டாங்கி, நீளக் குழாய், பில்டர் எதுவுமே இல்லை. போத்தல் உயரத்தில் இருப்பதால் உறிஞ்சவேண்டிய தேவையும் இல்லை, காற்றுப் புக வழியும் இல்லை. போத்தல் எக்ஸோஸ்ற் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாகனத்தை ஓட்டவேண்டாம், நிற்கவைத்தே பாருங்கள்.

இதில் நடுக்கம் நின்றால் எல்லாம் காற்றுத்தான். நிற்காவிட்டால் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவுவது), கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்), வால்வு என்று அடுத்த பக்கம் போகலாம்.

#11 கண்டாவளை விவசாயி

ஐயா, போத்தலில் ஓடவிட்டேன். ரியூபில் ஒரு குமிழி இல்லை. ஸ்டார்ட் உடனே எடுக்கிறது. நடுக்கம் நிற்கவில்லை. சூடாகியபிறகும் அதே தாளம்.

போத்தலைக் கழற்றியபிறகு டாங்கிப் பக்கம் ஒவ்வொரு ரப்பர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சேஸியில் ஓடும் இரும்புக் குழாயிலிருந்து பில்டருக்கு ஏறும் ஹோஸில், கிளிப் கடித்துக்கொண்டிருந்த இடத்தில் வட்டமாக வெடிப்பு. கிளிப்பை எடுத்தால்தான் தெரிகிறது. வளைத்துப் பார்த்தால் நகம் போகும் அளவு வாய் திறக்கிறது. அந்த ஹோஸ் டீசலுக்குரியது இல்லை, தண்ணீர் ஹோஸ்போல இருக்கிறது. முன்பு யாரோ போட்டிருக்கிறார்கள். டீசல் ஹோஸ் வாங்கிப் போட்டேன், குமிழி நின்றுவிட்டது.

மிஞ்சியிருப்பது நடுக்கம்.

#12 பம்ப் ரூம் தம்பி

நல்லாகப் பிடித்தீர்கள் அண்ணை. இனி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்போம்.

எஞ்சினைச் சூடாக்கி ஐட்லில் விடுங்கள். 17 ஸ்பானரால் இன்ஜெக்டர் தலையில் இருக்கும் லைன் நட்டை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுவரை தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்குப் போகவேண்டிய டீசல் வெளியே வந்துவிடும். வேலை செய்யும் சிலிண்டர் என்றால் எஞ்சின் உடனே தொய்யும், நடுக்கம் கூடும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. திரும்ப இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கவனம்: நட்டைச் சுற்றித் துணி போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், டீசல் வரும் இடத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கினால் சின்ன ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க வைக்கலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

#13 மன்னார் விகோ

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2008 ஹைலக்ஸ் விகோ, 2.5 டீசல். ஐட்லில் இதேபோலத்தான் ஆடுகிறது. நானும் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?

#14 பம்ப் ரூம் தம்பி

வேண்டாம் அண்ணை, தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுடையது கொமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் நிற்கும் முறை. அதில் லைனில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் போகும், எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. கண்டாவளை அண்ணையுடையது பழைய மெக்கானிக்கல் பம்ப், இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தமே சுமார் 150 பார்தான். அதுவே ஆபத்து.

விகோவில் ஸ்கானர் போட்டால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்பியூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பார்க்கலாம். நாலு இன்ஜெக்டரின் ரிற்றேர்ன் டீசலை நாலு சிறு போத்தலில் பிடித்து ஒப்பிட்டும் பார்க்கலாம், ஒன்றில் மட்டும் கூட வந்தால் அது தேய்ந்த இன்ஜெக்டர். நீங்கள் வேறு இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

#15 கண்டாவளை விவசாயி

செய்தேன். 1, 2, 4 தளர்த்தியபோது எஞ்சின் நிற்கப் பார்த்தது. 3ஐத் தளர்த்தியபோது ஒன்றுமே இல்லை. மூன்று தரம் செய்து பார்த்தேன், அதே முடிவுதான். நட்டிலிருந்து டீசல் நல்லாக வருகிறது.

#16 வவுனியா பாஸ்

3ஆம் நட்டில் டீசல் நல்லாக வருகிறது என்று எழுதினீர்களே, அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. பம்ப் அந்தச் சிலிண்டருக்கும் அனுப்புகிறது. ஒன்றரை லட்சத்தை மறந்துவிடுங்கள்.

இனி மூன்றே வழி. 3ஆம் இன்ஜெக்டர் தூவாமல் ஒழுக்குகிறது, அல்லது சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லை, அல்லது வால்வு இடைவெளி போய்விட்டது. இன்ஜெக்டரைப் பிரித்தறிய நல்ல வழி இடம் மாற்றுவது. 3ஐ 1க்கும் 1ஐ 3க்கும் போடுங்கள். கோளாறு 1க்கு ஓடிவந்தால் இன்ஜெக்டர், 3இலேயே நின்றால் எஞ்சின்.

27 நீள சொக்கற் வேண்டும். கழற்ற முன் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள், ஒரு மணல் உள்ளே போனாலும் வினை. ரிற்றேர்ன் குழாயை ஆறுதலாகக் கழற்றுங்கள், அது மெல்லியது, வளைந்தால் பிறகு இருக்காது. இன்ஜெக்டரைத் தூக்கியதும் துளையின் அடியில் பழைய சீற் வாஷர் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரோச் அடித்துப் பார்த்து அதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும். எடுக்காமல் மேலே இன்னொன்று போட்டு, கம்ப்ரெஷன் கசிந்து, அதற்கும் பம்ப்தான் காரணம் என்று சொன்ன கதை எனக்குத் தெரியும். அந்த வாஷருக்கு மேல் கீழ் உண்டு, எடுத்தது எப்படி இருந்தது என்று பார்த்து அப்படியே போடுங்கள். பழையதைத் திரும்பப் பாவிக்கவேண்டாம்.

ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றி அந்தத் துளையாலேயே கம்ப்ரெஷனும் அளந்துவிடுங்கள். டீசல் எஞ்சினுக்குரிய அழுத்தக் கேஜ் வேண்டும், பெற்றோல் எஞ்சின் கேஜ் உடைந்துவிடும். பம்பில் டீசலை நிறுத்தும் சொலினோயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரி முழுச் சார்ஜில் அடியுங்கள். புது எஞ்சினுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவு, 20க்குக் கீழ் போகக்கூடாது, சிலிண்டர்களுக்கு இடையே 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

#17 யாழ் ஓட்டம்

நான் எஞ்சினே மாற்றச் சொன்னேன். இதைப் படித்தபிறகு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். கேஜ் தேவை என்றால் என்னிடம் இருக்கிறது, வருகிற சனிக்கிழமை கிளிநொச்சிப் பக்கம் வருவேன், கொண்டுவந்து தருகிறேன்.

#18 கண்டாவளை விவசாயி

யாழ் அண்ணை கேஜோடு நேரேயே வந்துவிட்டார். இருவரும் சேர்ந்துதான் செய்தோம். மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். நன்றி அண்ணை.

கம்ப்ரெஷன்: 1ஆவது 28, 2ஆவது 27, 3ஆவது 25, 4ஆவது 28.

3ஆம் துளையில் பழைய வாஷர் இரண்டு இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று! ஐயா எழுதியது எங்களுக்காகவே எழுதியதுபோல இருந்தது. கீழே இருந்தது கரி பிடித்துக் கறுத்து, கொக்கி வைத்து அரை மணித்தியாலம் பாடுபட்டுத்தான் வந்தது.

இன்ஜெக்டரை 1க்கு மாற்றிப் போட்டு ஓடவிட்டோம். நட்டைத் தளர்த்திப் பார்த்தால் இப்போது 3 வேலை செய்கிறது, 1 செத்துவிட்டது.

#19 வவுனியா பாஸ்

அப்படியென்றால் இன்ஜெக்டர்தான், சந்தேகமில்லை. 30 வருட எஞ்சினுக்கு அந்தக் கம்ப்ரெஷன் நல்லது. 3இல் சற்றுக் குறைவு, ஆனால் வித்தியாசம் 3தான், எல்லைக்குள் இருக்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவியதால் பிஸ்டன் ரிங் கொஞ்சம் காய்ந்திருக்கலாம், சில நாள் ஓடியபிறகு திரும்ப அளந்து பாருங்கள். இந்த நிலையில் வாகனத்தை லோட்டோடு ஓட்டவேண்டாம். ஒழுகும் நொசில் (இன்ஜெக்டரின் தூவும் நுனி) ஒரே இடத்தில் டீசலை ஊற்றி பிஸ்டன் தலையை எரித்துத் துளை போட்டுவிடும். பிறகு யாழ் தம்பி சொன்ன ரீகண்டிஷன் எஞ்சின்தான்.

#20 மெல்பன் ஹைலக்ஸ்

3ஆவதுக்கு மட்டும் நொசில் போட்டால் போதாதா? காசு மிச்சம்.

#21 பம்ப் ரூம் தம்பி

போதாது என்றுதான் சொல்வேன் அண்ணை. ஒன்று புதிதாக 150இல் திறந்து, மற்ற மூன்றும் தேய்ந்து 130இல் திறந்தால் ஒவ்வொரு சிலிண்டரும் வேறு வேறு நேரத்தில் அடிக்கும், நடுக்கம் வேறு மாதிரி வரும். நாலையும் பெஞ்சில் போட்டுப் பார்க்கவேண்டும். உடலெல்லாம் நல்லாக இருந்தால் நொசில் நாலு மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் ஷிம்மை (மெல்லிய தகட்டை) கூட்டிக் குறைத்து நாலையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் போதும். பழைய ஜப்பான் இன்ஜெக்டர் செற் வாங்கிப் போடுவதை நான் விரும்பமாட்டேன், அதுவும் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

வேலை செய்யும் இடத்தில் பக்கத்திலேயே நின்று பாருங்கள். சோதனை பெஞ்சின் கைப் பம்பை அடிக்கும்போது நல்ல நொசில் கரகரவென்று சத்தம் போட்டுப் பனிபோலத் தூவும், நிறுத்தியதும் நுனி காய்ந்திருக்கும்.

ஒரு கேள்வி: இவ்வளவு மோசமாக ஒன்று மட்டும் ஏன் கெட்டது? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வாகனத்தை என்ன செய்தீர்கள்?

#22 கண்டாவளை விவசாயி

சரியான கேள்வி தம்பி. 2022இல் டீசல் இல்லாமல் மாதக் கணக்கில் நின்றது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபிறகு கிடைத்ததை பழைய இரும்புப் பரலில் சேர்த்து வைத்தோம். உழவு மெஷினுக்கும் அதிலிருந்துதான். சில நேரம் மண்ணெண்ணெயும் கலந்திருக்கிறோம், வேறு வழி இருக்கவில்லை.

நேற்று டாங்கியின் அடிப் பிளக்கைக் கழற்றினேன். முதலில் கிட்டத்தட்ட ஒரு சோற்றுக் கோப்பை அளவு தண்ணீரும் துருவும் வந்தது. பிறகு கறுப்புக் களிபோல ஒன்று.

#23 பம்ப் ரூம் தம்பி

நினைத்தேன். இந்தப் பம்புக்குத் தனி ஒயில் இல்லை, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. உங்கள் பம்ப் தப்பியது அதிர்ஷ்டம்தான். துரு நொசிலின் ஊசியில் கோடு போட்டிருக்கும், தண்ணீர் அரித்திருக்கும். டாங்கியைக் கழற்றிக் கழுவாமல் புது நொசில் போடாதீர்கள். பில்டரின் கீழ் இருக்கும் வடிகால் திருகை மாதத்துக்கு ஒருமுறை திறந்து தண்ணீர் வடியுங்கள், மழைக்காலத்தில் இரண்டு முறை.

#24 கண்டாவளை விவசாயி

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், அறுவடை வேலையால் நேரம் கிடைக்கவில்லை.

டாங்கி கழற்றிக் கழுவியாயிற்று. இன்ஜெக்டர் நாலையும் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழைய 3ஆவது 110இலேயே திறந்து, தூவாமல் ஒரு பக்கமாகக் கோடு போட்டு ஒழுகியது. மற்றவை 130, 135, 138. நொசில் நாலும் புதிது, நாலும் 155க்கு வைத்தார்கள். வாஷர் எல்லாம் புதிது. மொத்தச் செலவு, டாங்கி வேலையும் சேர்த்து, பம்புக்குச் சொன்ன காசில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

முதல் நாள் காலை இரண்டு செக்கனில் எடுத்தது. புகை இல்லை. ஆனால் ஐட்லில் ஸ்ரேறிங்கில் இன்னும் ஒரு சின்ன அதிர்வு இருந்தது, அந்தத் தாளம் இல்லை, ஒரே சீரான அதிர்வு. மனம் உடைந்துவிட்டது. பிறகு வவுனியா ஐயாவோடு போனில் கதைத்தேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ரைப் பார்க்கச் சொன்னார். ஜக்கியால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் இடது பக்க ரப்பர் இரும்பிலிருந்து முழுதாகப் பிரிந்து கிடந்தது. நாலு மாத நடுக்கத்தில் கிழிந்திருக்கவேண்டும். இரண்டு மவுன்ரும் மாற்றி, ஐட்லை நிமிடத்துக்கு 700 சுற்றுக்கு வைத்தேன். இப்போது டாஷ்போர்டில் தேநீர்க் கோப்பை வைக்கலாம்.

40 மூட்டை நெல்லோடு போய்வந்தேன், இரண்டு நடையில். இழுவை பழையபடி. அப்பா பக்கத்தில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்ததும் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கம்ப்ரெஷன் அடுத்த மாதம் திரும்ப அளந்து எழுதுகிறேன். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் போட்ட அந்தத் தெளிவான பிளாஸ்ரிக் ரியூபை அப்படியே விட்டிருக்கிறேன், காற்று வந்தால் கண்ணுக்குத் தெரியுமே என்று.

#25 பம்ப் ரூம் தம்பி

அதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள் அண்ணை. அது சோதனைக்கு மட்டும். டீசலும் எஞ்சின் சூடும் சேர்ந்து சில கிழமையில் மஞ்சளாகி இறுகிவிடும், பிறகு கிளிப் இருக்கும் இடத்திலேயே வெடிக்கும். மற்றப் பக்கம் போட்ட அதே டீசல் ஹோஸில் ஒரு சாண் வெட்டிப் போடுங்கள், திருகுக் கிளிப் வேண்டாம், பழைய வயர்க் கிளிப் நல்லாக இருந்தால் அதையே போடுங்கள், அது ரப்பரை வெட்டாது.

#26 கண்டாவளை விவசாயி

கழற்றிவிட்டேன் தம்பி. வளைத்துப் பார்த்தேன், இறுகத் தொடங்கித்தான் இருந்தது. ஹோஸ் போட்டு, கைப் பம்பை அமத்தி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயிற்று. நாளைக் காலை எத்தனை அமத்தலில் இறுகுகிறது என்று எண்ணிவிட்டு எழுதுகிறேன்.

#27 கண்டாவளை விவசாயி

இரண்டு.